ஒரே சீண்டலுக்கு இரண்டு தராசுகள்

காலை ஏழரை மணிக்கு நம் மாவட்டத்தில் எந்தக் கிராமத்துச் சாலைக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம். பஸ் நிறுத்தம் ஊரை ஒட்டி இருக்கும். காலனி அங்கிருந்து அரை கிலோமீட்டரோ ஒரு கிலோமீட்டரோ உள்ளே தள்ளி இருக்கும். பள்ளிக்கும் கல்லூரிக்கும் போகிற காலனிப் பெண் பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு, இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து, ஊர்த் தெருவைக் கடந்து பஸ்ஸுக்கு வருவார்கள். வழியில் ஒரு டீக்கடை, ஒரு மதகுச் சுவர், நிழற்குடைக்குள் குறுக்கே நிறுத்திய நான்கைந்து பைக்குகள்.

அந்த அரை கிலோமீட்டரில்தான் எல்லாம் நடக்கிறது. விசில் வரும். சினிமாப் பாட்டில் ஒரு வரி வரும். செல்போன் கேமரா மெல்லத் திரும்பும். ஒரு பைக் உரசுகிற மாதிரி வந்து ஒடிந்து திரும்பும். அந்தப் பெண்ணின் பெயர் தெரிந்திருந்தாலும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். காலனியைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். டீக்கடை பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் பெரியவர்களின் காதிலும் அது விழும். தலை நிமிராது. (அவர்கள் கையில் இருப்பது இந்தப் பேப்பராகவும் இருக்கலாம்.) பிள்ளைகள் தலையைக் குனிந்து நடையை விரட்டுவார்கள். பஸ் வரும், ஏறிக்கொள்வார்கள். மறுநாளும் அதே வழி, அதே மதகு.

இதற்கு ஊரில் வைத்திருக்கும் பெயர் ‘கேலி’. கொஞ்சம் படித்தவர்கள் ‘ஈவ் டீசிங்’ என்பார்கள். இரண்டுமே விஷயத்தைச் சின்னதாக்கிக் காட்டும் சொற்கள். கேலி என்பது மாமன் மச்சான் உறவில், இரண்டு பக்கமும் சிரிக்கிற இடத்தில் நடப்பது. ஒருத்தி அழுதுகொண்டு போக மற்றவன் சிரிப்பதற்குக் கேலி என்று பெயர் வைத்தது யார் என்று நாம் கேட்டதே இல்லை.

அரசாங்கமே அந்தப் பெயரைக் கைவிட்டுவிட்டது. 1998 ஜூலையில் சென்னையில் எத்திராஜ் கல்லூரி மாணவி ஒருவர், ஆட்டோவில் வந்த கும்பலின் சீண்டலில் விழுந்து உயிரிழந்தார். அந்த மரணம் எழுப்பிய கொந்தளிப்பில் தமிழக அரசு அதே ஆண்டு முதலில் அவசரச் சட்டமும், பிறகு ஈவ் டீசிங் தடைச் சட்டமும் கொண்டுவந்தது. 2002-ல் அந்தச் சட்டத்தின் பெயரையே பெண்களுக்குத் தொல்லை விளைவிப்பதைத் தடை செய்யும் சட்டம் என்று மாற்றினார்கள். தொடக்கத்தில் அதிகபட்சத் தண்டனை ஓராண்டு சிறை. அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் 2024 டிசம்பரில் நடந்த கொடுமைக்குப் பிறகு, 2025 ஜனவரியில் சட்டமன்றம் அதைத் திருத்தி, முதல் முறைக்கே ஐந்து ஆண்டுகள் வரை சிறை என்று உயர்த்தியது. இணையம், செல்போன் வழியாகக் கொடுக்கும் தொல்லையும் அதற்குள் வந்துவிட்டது.

சட்டத்தில் ஓராண்டு ஐந்தாண்டு ஆனது. டீக்கடை பெஞ்சில் என்ன மாறியது? அங்கே இன்னும் பழைய பழமொழிகள்தான் தீர்ப்பு எழுதுகின்றன. ‘ஊசி இடம் கொடுக்காமல் நூல் நுழையுமா’ என்பது ஒன்று. ‘முள் மேல் சேலை விழுந்தாலும், சேலை மேல் முள் விழுந்தாலும் சேதம் சேலைக்குத்தான்’ என்பது இன்னொன்று. இரண்டாவதை அம்மாக்கள் பிள்ளைகளின் நல்லதுக்கென்றுதான் சொல்கிறார்கள். ஆனால் முள்ளை வெட்டுகிற பேச்சு அந்தப் பழமொழியில் எங்கும் இல்லை என்பதை ஒரு தரம் கவனிக்க வேண்டும்.

இந்த மனப்பான்மையில் ஒரு பகுதி எல்லாப் பெண்களுக்கும் பொதுவானது. எந்தச் சாதிப் பெண்ணும் பஸ்ஸில் முழங்கை இடி வாங்காமல் தருமபுரி போய்ச் சேர்வதில்லை. ஆனால் இன்னொரு பகுதி பொதுவானது அல்ல. யார் சீண்டினார், யாரைச் சீண்டினார் என்பதைப் பார்த்து, ஒரே செயலுக்கு ஊர் இரண்டு விதமாக எடை போடுகிறது. அதைத்தான் இங்கே பேச நினைக்கிறோம்.

நவம்பர் 2012

ஊர்ப் பையன் காலனிப் பெண்ணைச் சீண்டினால் அது வயசுக் கோளாறு. ‘வயசுப் பசங்க, அப்படித்தான் இருப்பாங்க, நாம ஒதுங்கிப் போகணும்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். காலனிப் பையன் ஊர்ப் பெண்ணைப் பார்த்தான் என்று ஒரு பேச்சு எழுந்தாலே போதும். அது மானப் பிரச்சினை. பார்த்தானா, பேசினானா, அந்தப் பெண்ணுக்கு விருப்பம் இருந்ததா என்ற கேள்விகளுக்கு அங்கே இடமில்லை. பையன் ஒருவன் என்றாலும் பதில் சொல்ல வேண்டியது மொத்தக் காலனி.

நம் மாவட்டத்துக்கு இதைப் பாடம் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. 2012 நவம்பர் 7 மாலை நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று குடியிருப்புகளில் நடந்ததை நாடே பார்த்தது. இரு சாதியைச் சேர்ந்த இருவர் விரும்பித் திருமணம் செய்துகொண்டார்கள். பெண்ணின் தந்தை தற்கொலை செய்துகொண்டதைத் தொடர்ந்து திரண்ட கும்பல் 250-க்கும் மேற்பட்ட வீடுகளை எரித்தும் சூறையாடியும் போனது. வீட்டோடு எரிந்தவற்றில் ரேஷன் கார்டும் சாதிச் சான்றிதழும் பள்ளிச் சான்றிதழும் இருந்தன. அடுத்த ஆண்டு ஜூலை 4-ல் அந்த இளைஞரின் உடல் தருமபுரி ரயில் பாதை ஓரம் கிடந்தது.

அதில் சீண்டல் எதுவும் இல்லை, விருப்பம்தான் இருந்தது. ஆனாலும் அதன் பிறகு மாநிலம் முழுக்க மேடைகளில் பேசப்பட்டது என்ன? காலனி இளைஞர்கள் ஜீன்ஸ் பேன்ட்டும் டி-ஷர்ட்டும் கூலிங் கிளாஸும் போட்டுக்கொண்டு பெண்களை மயக்குகிறார்கள் என்பதுதான். அந்தப் பேச்சுக்கு ‘நாடகக் காதல்’ என்று பெயரும் சூட்டினார்கள். பெண்களின் பாதுகாப்பு என்ற பெயரில்தான் அந்தக் கூட்டங்கள் கூட்டப்பட்டன. காலையில் காலனிப் பெண் மதகைக் கடக்கும்போது கேட்காத காதுகள், காலனிப் பையன் சட்டையின் நிறத்தைக் கூடக் கவனித்தன. அவர்கள் கவலைப்பட்டது பெண்ணின் பாதுகாப்புக்காக என்றால், மதகில் உட்கார்ந்திருந்தவனைப் பற்றியும் அந்த மேடைகளில் ஒரு வார்த்தை வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அதே நவம்பர் மாதம் 30-ம் தேதி, உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. அதுவும் தமிழ்நாட்டு வழக்குதான். 1999-ல் குற்றாலம் சீசன் பாதுகாப்புப் பணிக்கு அனுப்பப்பட்ட காவலர் ஒருவர், தென்காசி பஸ் நிலையத்தில் குடிபோதையில் ஒரு பெண்ணிடம் தவறாக நடந்துகொண்டார் என்பது வழக்கு. குற்ற வழக்கில் சாட்சிகள் பிறழ்ந்துவிட்டதால் காவலர் விடுதலையானார். ஆனால் துறை விசாரணையில் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். உயர் நீதிமன்றம் அவரை மறுபடியும் வேலையில் சேர்க்கச் சொன்னது. நீதிபதிகள் கே.எஸ்.ராதாகிருஷ்ணன், தீபக் மிஸ்ரா அமர்வு அதை ரத்து செய்து, நீக்கியது சரியே என்றது.

அத்தோடு விடாமல் நாடு முழுவதற்கும் சில உத்தரவுகளையும் போட்டது. பஸ் நிலையம், ரயில் நிலையம், சினிமா தியேட்டர், கோயில் போன்ற இடங்களில் மஃப்டியில் பெண் போலீஸார் நிற்க வேண்டும். கேமராக்கள் வேண்டும். எச்சரிக்கைப் பலகைகள் வேண்டும். பள்ளி, கல்லூரி, கோயில் நிர்வாகிகள் தங்கள் இடத்தில் நடப்பதற்குப் பொறுப்பேற்று, புகார் வந்தால் போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டும். ஓடுகிற பஸ்ஸில் தொல்லை நடந்து, பெண் புகார் சொன்னால், டிரைவரும் கண்டக்டரும் பஸ்ஸை நேராக அருகிலுள்ள போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓட்டிப் போக வேண்டும். தவறினால் அந்த பஸ்ஸின் பெர்மிட்டையே ரத்து செய்யலாம்.

இந்தக் கடைசி உத்தரவைப் படிக்கிற மாணவிகளுக்குச் சிரிப்பு வரலாம். நம் டவுன் பஸ்ஸில், படியில் பத்துப் பேர் தொங்குகிற காலை நேரத்தில், ‘அண்ணா, ஸ்டேஷனுக்கு விடுங்க’ என்று ஒரு பெண் சொன்னால் என்ன நடக்கும்? ‘எறங்கி அடுத்த பஸ்ல வாம்மா’ என்பார்கள். அடுத்த பஸ் ஒரு மணி நேரம் கழித்து. உள்ளே இருக்கும் பயணிகளும் ‘எங்களுக்கு வேலைக்கு நேரமாச்சு’ என்று அந்தப் பெண்ணின் மேல்தான் எரிந்து விழுவார்கள். பயணிகளின் அந்த எரிச்சல்தான் நாம் பேசும் மனப்பான்மை. உத்தரவு வந்து இத்தனை ஆண்டுகளாகியும் அதை மாற்ற யாரும் மெனக்கெடவில்லை.

படிப்பு நிற்பது எப்படி

சீண்டப்பட்ட காலனிப் பெண் வீட்டில் சொல்வதில்லை. பயம் திட்டு வாங்குவோமே என்பது மட்டுமல்ல. சொன்னால் அண்ணன் போய்க் கேட்பான், கேட்டால் அடிதடி ஆகும், ஆனால் காலனிக்குள் போலீஸ் ஜீப் வரும், அப்பா வேலை செய்கிற நிலத்துக்காரர் நாளை முதல் வராதே என்பார். பதினாறு வயதுப் பிள்ளை இவ்வளவையும் கணக்குப் போட்டுத்தான் வாயை மூடிக்கொள்கிறது. அதை வெட்கம் என்று நாம் தப்பாகப் புரிந்துகொள்கிறோம்.

எப்படியோ வீட்டுக்குத் தெரிந்துவிட்டால், அடுத்த முடிவு பெண்ணின் தலையில் விழும். முதலில் செல்போன் பிடுங்கப்படும். பிறகு டியூஷன் நிற்கும், பிறகு பள்ளி. ‘பத்தாவது போதும்’ என்பார்கள். அடுத்த தை மாதத்துக்குள் மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் நம்முடையது: 68.54 சதவீதம். குழந்தைத் திருமணத்துக்கும் நம் மாவட்டத்தின் பெயர் அடிக்கடி அடிபடுகிறது. இதற்கெல்லாம் வறுமை, பழக்கம், பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போகும் பெற்றோர் என்று பல காரணங்கள் சொல்கிறோம். எல்லாம் உண்மை. பட்டியலில் ஒன்று மட்டும் எப்போதும் விடுபட்டுப் போகிறது: அந்த அரை கிலோமீட்டர்.

பெருநகரத்திலும் இதுதான் நிலை. டெல்லிப் பல்கலைக்கழக மாணவிகளைப் பற்றி ஆய்வு செய்த பொருளாதார அறிஞர் கிரிஜா போர்க்கர், மாணவிகள் நல்ல கல்லூரியில் இடம் கிடைத்தும் அதை விட்டு, தரம் குறைந்த கல்லூரியைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று காட்டினார். காரணம், அங்கே போகும் வழி பாதுகாப்பாகத் தெரிந்ததுதான். கூடுதல் செலவையும் அவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். மாணவர்களிடம் அந்த அளவுக்கு இப்படி ஒரு கணக்கு இல்லை. மெட்ரோ ரயில் ஓடுகிற டெல்லியிலேயே இப்படி என்றால், ஒரு நாளைக்கு நான்கு நடை மட்டும் டவுன் பஸ் வருகிற ஊரில் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் பேச்சே இல்லை. போவதா, நிற்பதா என்பது மட்டும்தான்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டோம். 2021 மே 8 முதல் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவிக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. அரூர், பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டி என்று பக்கத்திலேயே அரசுக் கலைக் கல்லூரிகள் வந்துவிட்டன. காரிமங்கலத்தில் மகளிருக்கென்றே ஒன்று இருக்கிறது. காலனியிலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரி போகிற பெண்கள் இவற்றால்தான் போகிறார்கள். பஸ் ஏறிய பிறகு ஆகும் செலவுக்கெல்லாம் அரசு வழி செய்துவிட்டது. வீட்டு வாசலிலிருந்து பஸ் படி வரை உள்ள தூரத்துக்குத்தான் இன்னும் திட்டம் வரவில்லை.

2018 அக்டோபர், நவம்பரை மறக்க முடியாது. அந்த அக்டோபரில் நகரங்களில் ‘மீ டூ’ இயக்கம் சூடாக இருந்தது; சினிமா, பத்திரிகைத் துறைப் பெண்கள் பெயர் சொல்லிப் பேசத் தொடங்கினார்கள். டிவி விவாதங்கள் அதிலேயே ஓடின. அதே மாதம் 22-ம் தேதி, நமக்குப் பக்கத்து மாவட்டத்தில், ஆத்தூர் அருகே தளவாய்ப்பட்டியில், பதின்மூன்று வயது தலித் சிறுமி தாயின் கண்ணெதிரில் தலை துண்டிக்கப்பட்டுக் கொல்லப்பட்டாள். பக்கத்தில் குடியிருந்த, வேறு சாதியைச் சேர்ந்தவர் கைது செய்யப்பட்டார். அந்த ஆள் தவறாக நடக்கப் பார்த்ததை மகள் தன்னிடம் சொல்லியிருந்தாள் என்று தாய் கூறினார். இரண்டு வாரம் கழித்து, தீபாவளி விடுமுறைக்கு வீட்டுக்கு வந்த பிளஸ் டூ மாணவி ஒருவர் நம் சிட்லிங்கி மலைப்பகுதியில் பாலியல் வன்முறைக்கு ஆளாகி, நவம்பர் 10-ல் இறந்தார். பழங்குடிப் பெண். வீட்டில் கழிப்பறை இல்லாததால் வெளியே போனபோதுதான் அது நடந்தது. புகாரை வாங்குவதில் போலீஸார் காட்டிய தாமதத்தைக் குடும்பத்தினரும் இயக்கங்களும் கேள்வி கேட்டார்கள். அதன் பிறகே வழக்கு வேகம் பிடித்தது. ‘மீ டூ’வில் பேசிய பெண்களைக் குறை சொல்லவில்லை, அவர்கள் பேசியது நல்லது. தளவாய்ப்பட்டிச் சிறுமி தாயிடம் ‘எனக்கும்தான்’ என்று சொன்னது டிவி வரை வந்து சேர அவள் சாக வேண்டியிருந்தது என்பதைத்தான் சொல்கிறோம்.

நம் வார்த்தையை நம்ப எத்தனை காலம் ஆகும் என்பதற்கு வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20-ல் சந்தன மரச் சோதனை என்று உள்ளே போன வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் செய்ததை அந்த ஊர் மலையாளிப் பழங்குடிப் பெண்கள் சொன்னபோது அதிகாரத்தில் இருந்தவர்கள் நம்பவில்லை. 1995-ல் உயர் நீதிமன்றம் தலையிட்டு சிபிஐ வந்தது. 269 பேர் மீது குற்றச்சாட்டு. தருமபுரி நீதிமன்றம் தண்டனை கொடுத்தது 2011 செப்டம்பர் 29-ல். அதை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது 2023 செப்டம்பர் 29-ல். பதினெட்டுப் பெண்கள் முப்பத்தோரு ஆண்டுகள் ஒரே சொல்லில் நின்றார்கள். மதகுச் சுவர்ப் பேச்சும் வாச்சாத்தியும் ஒன்றல்ல என்று சிலர் சொல்வார்கள். ஒன்றல்லதான். ஆனால் ‘இவள் சொல்வதை எதற்கு எழுதிக்கொள்ள வேண்டும்’ என்கிற அலட்சியம் இரண்டிலும் ஒன்றுதான்.

புகார் எழுதும்போது

போலீஸ் ஸ்டேஷனில் நடப்பது பெரும்பாலும் சமாதானம். இரு தரப்பையும் கூப்பிட்டு உட்கார வைத்து, பையனை ஒரு அதட்டு அதட்டி, ‘இனிமே செய்ய மாட்டேன்னு எழுதிக் குடு’ என்று அனுப்பிவிடுவார்கள். மனு ரசீது கிடைக்கும், எப்.ஐ.ஆர். கிடைக்காது. பெண்ணின் அப்பாவுக்கும் அதுவே நிம்மதியாகத் தோன்றும். பையன் மறுநாள் அதே மதகில் உட்கார்ந்திருப்பான். இப்போது அவனுக்கு இன்னொரு தைரியமும் சேர்ந்திருக்கும்: ஸ்டேஷன் வரை போய்த்தான் வந்தாச்சே.

ஆகவே சட்டத்தில் என்ன இருக்கிறது என்பதைக் கல்லூரி மாணவர்களாவது தெரிந்துவைத்திருக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், பெண்ணின் கண்ணியத்தை இழிவுபடுத்தும் சொல், சைகை, சத்தம் ஆகியவற்றுக்கு 79-ம் பிரிவு. பின்தொடர்வதற்கு 78. ஆபாசப் பேச்சும் வேண்டாத தொடுதலும் 75. இவை எல்லாப் பெண்களுக்கும் உரியவை. இந்தப் பிரிவுகளில் பெண் கொடுக்கும் புகாரைப் பெண் போலீஸ் அதிகாரியோ பெண் அலுவலரோ பதிவு செய்ய வேண்டும்.

சீண்டப்பட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடிப் பெண்ணாகவும், சீண்டியவர் அப்படி அல்லாதவராகவும் இருந்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர்கிறது. 2015-ல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் அமலான அந்தச் சட்டத்தின் 3(1)(w) பிரிவு, சம்மதமின்றிப் பாலியல் நோக்கோடு தொடுவதை மட்டுமல்ல, பாலியல் தன்மையுள்ள சொல்லையும் சைகையையும் வன்கொடுமை என்கிறது. ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஐந்து ஆண்டுகள் வரை சிறை. பிசிஆர் கேஸ் என்றால் அடித்தால்தான், சாதிப் பெயர் சொல்லித் திட்டினால்தான் என்று நம்மவர்களே நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லை. மதகில் இருந்து வருகிற ஆபாசப் பேச்சுக்கும் அதில் பிரிவு இருக்கிறது.

‘எனக்கு அந்தப் பொண்ணு என்ன சாதின்னே தெரியாது சார்’ என்பது வழக்கமான பதில். ஒரே ஊரில் இருந்துகொண்டு, எந்தத் தெருவிலிருந்து வருகிறாள் என்று தெரிந்தே கூப்பிட்டுவிட்டுச் சொல்கிற பதில் இது. அதற்கும் 8-ம் பிரிவில் வழி செய்திருக்கிறார்கள். பாதிக்கப்பட்டவரையோ அவர் குடும்பத்தையோ குற்றம்சாட்டப்பட்டவருக்கு ஏற்கெனவே தெரியும் என்றால், சாதியும் தெரியும் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது அவர் பொறுப்பு. எப்.ஐ.ஆர். போட முதல்கட்ட விசாரணை தேவையில்லை என்று 2018-ல் 18ஏ பிரிவு வந்தது. விசாரிக்க வேண்டியவர் டிஎஸ்பி. வேண்டுமென்றே கடமை தவறும் அரசு ஊழியர் மீது, அவர் பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாதவராக இருந்தால், 4-ம் பிரிவு பாயும்.

பள்ளி மாணவி என்றால், பதினெட்டு வயது ஆகாதவர் என்றால், போக்சோ சட்டம். பாலியல் நோக்கோடு பேசுவதும், திரும்பத் திரும்பப் பின்தொடர்வதும் அதன் 11-ம் பிரிவில் வருகின்றன. மூன்று ஆண்டுகள் வரை சிறை. குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே அந்தச் சட்டத்தில் குற்றம். பள்ளி வாசலில் நடப்பதைப் பார்த்தும் ‘நமக்கேன் வம்பு’ என்று உள்ளே போகும் ஆசிரியர்கள் இதை ஒரு முறை படித்துக்கொள்வது நல்லது.

ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு கம்பெனி வேனில் போகும் பெண்களுக்கும் ஒன்று. 2013-ல் வந்த பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, கம்பெனி ஏற்பாடு செய்யும் வண்டியும் பணியிடம்தான். வேனில் நடந்ததற்கும் கம்பெனியின் புகார்க் குழுவில் மனு கொடுக்கலாம். கம்பெனியில் குழு இல்லை என்றாலும், புகார் முதலாளி மீதே என்றாலும், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு இருக்கிறது.

‘பொய் வழக்கு போடுவார்கள், பணம் வாங்குவார்கள்’ என்ற குரல் இந்த இடத்தில் எழும். வன்கொடுமைச் சட்டத்தைப் பற்றி எப்போது பேசினாலும் எழுகிற குரல்தான். எந்தச் சட்டத்திலும் பொய்ப் புகார் வரலாம். விசாரணை இருப்பதே அதற்காகத்தான். ஆனால் நம் கிராமத்தில் ஒரு காலனிக் குடும்பம், தன் மகளின் பெயரைத் தெருவில் இழுத்துவிட்டு, வேலை கொடுக்கிறவரைப் பகைத்துக்கொண்டு, கல்யாணச் சந்தையில் அவளுக்குக் கெட்ட பேரும் சம்பாதித்துக்கொண்டு, வாய்தா வாய்தாவாக கோர்ட்டுக்கு அலையும் ஒரு பொய்யை விரும்பிச் சொல்லும் என்று நம்புகிறவர்கள், தங்கள் வீட்டுப் பெண்ணுக்காக அப்படி ஒரு புகார் கொடுக்கத் தங்களுக்குத் துணிவு வருமா என்று யோசித்துப் பார்க்கலாம். தென்காசி வழக்கில் சாட்சிகள் ஏன் பிறழ்ந்தார்கள் என்பது நமக்குப் புரியாத புதிர் அல்ல. எதிரில் நின்றது காக்கிச் சட்டை.

நம் பக்கத்து மதகு

இதுவரை ஊரைப் பற்றிப் பேசினோம். காலனிக்குள்ளும் ஒரு மதகு இருக்கிறது. அதில் உட்கார்ந்திருப்பது நம் பையன்கள்.

இதை எழுதினால் ‘நம்ம பசங்களையே காட்டிக்கொடுக்கிறீங்களே’ என்று சில தோழர்கள் கோபப்படுவார்கள். நத்தம் காலனியை எரித்தவர்களின் வாதத்துக்கு வலு சேர்க்கிறீர்கள் என்பார்கள். அந்தப் பயம் பொய்யல்ல. நம் பையன் ஒருவன் தவறு செய்தாலும் மொத்தக் காலனிக்கும் விலை வைக்கிற ஊரில்தான் வாழ்கிறோம். ஆனால் அந்தப் பயத்தைக் காரணம் காட்டி, காலனிக்குள் தண்ணீர்க் குழாயடியில் நம் பெண்களையே நம் பையன்கள் சீண்டுவதைப் பேசாமல் விட்டுவிடுகிறோம். அதற்கு வன்கொடுமைச் சட்டம் வராது; ஆனால் மேலே சொன்ன மற்ற எல்லாச் சட்டமும் வரும். சட்டத்துக்கு முன்னால் அந்தப் பெண்ணுக்கு நாம் பதில் சொல்ல வேண்டும். ஊர்க்காரன் சீண்டினால் போராட்டம், நம்மவன் சீண்டினால் பஞ்சாயத்து என்றால், நாமும் ஊர் வைத்திருக்கும் அதே தராசைத்தான் கையில் வைத்திருக்கிறோம்.

இளைஞர் மன்றங்களில் அம்பேத்கர் படம் இருக்கிறது. ஒரு சமூகத்தின் முன்னேற்றத்தை அதன் பெண்கள் அடைந்த முன்னேற்றத்தைக் கொண்டு அளந்தவர் அவர். அந்த மன்றங்களின் கூட்டத்துக்கு எத்தனை பெண்கள் வருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். வராததற்குக் காரணம் கேட்டால், மன்றத்தின் வாசலில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையே பெண்கள் சொல்வார்கள்.

இன்னொரு பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. பிரச்சினை வந்ததும் பெண்ணுக்குக் கட்டுப்பாடு விதிப்பது. துப்பட்டா, செல்போன், ஆறு மணிக்குள் வீடு. நல்லெண்ணத்தில் போடுகிற விதிகள்தான். ஆனால் மதகில் உட்காருகிறவனுக்கு ஒரு விதியும் இல்லை. அவன் இரவு பத்து மணிக்கும் உட்கார்ந்திருப்பான். தெரு யாருக்குச் சொந்தம் என்பதை ஒவ்வொரு நாளும் நம் வீட்டிலேயே இப்படிப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். அவனைப் பெற்றவர்களிடம் போய் ‘உங்க பையனை ஆறு மணிக்கு வீட்டுக்குள்ள வைங்க’ என்று யாராவது சொல்லிப் பார்த்ததுண்டா?

கேட்பதற்குச் சின்னதாகத் தெரிந்தாலும், கிராம சபையில் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன. டவுன் பஸ் காலனி முனை வரை வந்து திரும்பினால் அந்த அரை கிலோமீட்டரே இல்லாமல் போகும். பல ஊர்களில் சாலை இருக்கிறது, பஸ் திரும்ப இடமும் இருக்கிறது. ‘வழக்கமா இங்கதான் நிக்கும்’ என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. அந்த வழக்கத்தை யார் ஏற்படுத்தினார்கள் என்று கேட்டால் சபையில் கொஞ்ச நேரம் அமைதி நிலவும். நிழற்குடைக்கு ஒரு விளக்கு, அதில் உச்ச நீதிமன்றம் 2012-லேயே வைக்கச் சொன்ன எச்சரிக்கைப் பலகை, அதில் பெண்கள் உதவி எண் 181, குழந்தைகளுக்கான 1098, வன்கொடுமைப் புகார்களுக்கான 14566. ஒரு பலகைக்கு ஊராட்சியின் பணம் எவ்வளவு செலவாகிவிடும்?

அடுத்த கிராம சபை ஆகஸ்ட் 15-ல் என்றால் அதற்கு முன்பே மனுவை எழுதி, மாணவிகளே கையெழுத்துப் போட்டு, ஊராட்சிச் செயலரிடம் கொடுத்து நகல் வாங்கிக்கொள்ளலாம். தீர்மானப் புத்தகத்தில் ஏறினால் அதன் நகலைக் கலெக்டர் அலுவலகத் திங்கள்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்கும் எடுத்துப் போகலாம். மனுவில் பையன்களின் பெயர் எதுவும் வேண்டாம். பஸ் எண், வரும் நேரம், காலனியிலிருந்து நிறுத்தம் வரை உள்ள தூரம், தினமும் அந்த வழியில் நடக்கும் மாணவிகளின் எண்ணிக்கை, இவ்வளவு போதும். தூரத்தை மட்டும் அளந்து எழுதுங்கள்; ‘கொஞ்ச தூரம்தானே’ என்று சொல்லத்தான் அங்கே ஆள் இருக்கும்.